கன்னியப்பன் வீட்டுக்கு முகமூடி கட்டிக்கொண்டு போனோம்

வௌவாலிடமிருந்து மனிதருக்கு வரும் வைரஸ்களைப் பற்றி இந்த வேலைக்கு இப்போது வந்திருக்கும் உங்களுக்குப் புதிதாகச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. நிபா என்றால் இன்று பெட்டிக்கடைக்காரருக்கும் தெரியும். நான் வேலைக்குச் சேர்ந்த எழுபதுகளின் கடைசியில் அந்தப் பெயரே கிடையாது. பழந்தின்னி வௌவாலின் ரத்தத்தில் என்னவெல்லாம் இருக்கிறது என்று பார்க்கலாமே என்று நாங்கள் மூன்று பேர் கிளம்பியபோது, ஆய்வகத்தின் மற்றப் பிரிவுகளில் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். வௌவால் கோஷ்டி என்று பெயர் வைத்தார்கள். காலராவைப் பார்க்கிறவனுக்கு இருந்த கௌரவம் எங்களுக்கு இல்லை.

இப்போது நீங்கள் தலை முதல் கால் வரை மூடிக்கொண்டு போகிறீர்கள். அந்த உடையைப் போடவும் கழற்றவும் தனிப் பயிற்சியே இருக்கிறதாமே. நல்லது, போடுங்கள். உடையைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. அதைப் போட்டுக்கொண்டு நீங்கள் ஒரு வீட்டுக்குள் நுழைந்து வெளியே வந்த பிறகு அந்த வீட்டுக்கு என்ன ஆகிறது என்று பயிற்சியில் சொல்லித் தருகிறார்களா என்று உங்களில் ஒரு பெண்ணைக் கேட்டேன். “அதெல்லாம் சிலபஸ்ல இல்ல மேடம்” என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகுதான் எழுத உட்கார்ந்தேன்.

சொல்லப்போகிற விஷயத்தை நினைத்தால் எனக்கு இன்றும் உடம்பு கூசுகிறது. ரகசியம் ஒன்றுமில்லை. எங்கள் பிரிவில் அன்று இருந்த எல்லாருக்கும் தெரியும். யாரும் அதைப் பற்றிப் பேச மாட்டோம், அவ்வளவுதான்.

எங்கள் தலைவரைப் பெரிய டாக்டர் என்று மட்டும் சொல்கிறேன். பழவேற்காட்டுக்காரர்கள் அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். நான் டாக்டரம்மா. களப்பணிக்குப் பெண்ணை அனுப்பலாமா என்று மேலிடத்தில் இழுத்தபோது, “ஊசி போடுவதில் அவள்தான் கெட்டிக்காரி, வேறு யாரை அனுப்புவது?” என்று ஒரே வரியில் முடித்து வைத்தவர் அவர். அவர் மேல் எனக்கு மரியாதை அன்றும் உண்டு, இன்றும் உண்டு. அதனால்தான் இதை எழுதுவது கஷ்டமாக இருக்கிறது.

பழவேற்காட்டில் ஒரு பாயின் தோப்பில் மரம் கொள்ளாமல் வௌவால்கள் தொங்கின. தன் பாட்டனார் காலத்திலிருந்து அவை அங்கேயே இருப்பதாக அவர் சொல்வார். “மரத்துல கை வெக்காதீங்க. வவ்வால எடுத்தா ரத்தத்த மட்டும் எடுத்துக்கினு திருப்பி உட்ருங்க” என்று நிபந்தனை போட்டு அனுமதி கொடுத்தார். வௌவால் பிடிக்கிற மெல்லிய வலை வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், வரவில்லை. அதைச் சொன்னபோது பாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. “பழவேற்காட்டுல வந்து வலை இல்லன்றீங்களே” என்று சொல்லி, மீன் கொண்டுவந்திருந்த ஒருவரைக் கை காட்டினார். அவர்தான் கன்னியப்பன்.

ஏரிக்கு நடுவில், பசியாவரத்தைத் தாண்டி ஒரு குப்பத்தில் கன்னியப்பன் இருந்தார். அவர் மனைவி தேசம்மா பழவேற்காட்டுச் சந்தையில் மீன் விற்பவர். அவர் பேசினால் அடுத்த கடையில் விலை குறையும் என்பார்கள். கன்னியப்பனின் படகில் கூட்டாளி முனுசாமி. இரண்டு பேரும் சின்ன வயதிலிருந்து ஒரே படகு. வௌவால் ரத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க, அந்தக் குப்பத்தில் பல வீட்டு ஆட்களிடமும் நாங்கள் ரத்தம் எடுத்திருந்தோம். கோயிலுக்கு முன்னால் வேப்பமரத்தடியில் பெஞ்சு போட்டு, வெறும் முகமும் வெறும் கையுமாக உட்கார்ந்து, கதை பேசிக்கொண்டே எடுத்தது. கொடுத்த டீயைக் குடித்தோம். வறுத்த இறாலைத் தின்றோம். குப்பத்துக்கு எங்களை அப்படித்தான் தெரியும்.

ஐப்பசி மழைக்கு முன்னால் சில வாரம் தோப்பில் வேலை நடந்தது. கன்னியப்பன் தன் பழைய நைலான் வலையை இரண்டு பனைமரங்களுக்கு நடுவில் கயிறு போட்டு ஏற்றிக் கட்டினார். சாயங்காலம் வௌவால்கள் கிளம்பும்போது ஒன்றிரண்டு மாட்டும். வலையை இறக்கி அவர் பிரித்துக் கொடுப்பார். பெரிய டாக்டரும் எங்கள் டெக்னீஷியனும் தடித்த தோல் கையுறையோடு வாங்கிப் பிடித்துக்கொள்வார்கள். நான் ரப்பர் உறை போட்டுக்கொண்டு ரத்தம் எடுப்பேன். நகமும் பல்லும் வலையில் சிக்கித் துள்ளிக்கொண்டிருக்கும் வௌவாலைப் பிரிப்பதுதான் இருப்பதிலேயே ஆபத்தான வேலை. கன்னியப்பன் அதை வெறும் கையால் செய்தார். தோல் கையுறை இரண்டு ஜோடிதான் இருந்தது. மூன்றாவது ஜோடி கேட்டு எழுத வேண்டும் என்று படித்த எங்கள் மூன்று பேருக்கும் தோன்றவில்லை.

ஒரு நாள் ஒரு பெரிய வௌவால் அவர் விரலில் பல்லைப் பதித்துவிட்டது. சோப்புப் போட்டுக் கழுவி அயோடின் தடவினோம். “நண்டு கடிக்காத கடியா டாக்டரம்மா” என்று சொல்லிவிட்டு அடுத்த வௌவாலைப் பிரிக்கப் போனார். நாங்களும் அதோடு விட்டுவிட்டோம்.

மழை நன்றாகப் பிடித்துக்கொண்ட கார்த்திகையில் பாயிடமிருந்து பெரிய டாக்டருக்கு டிரங்க் கால் வந்தது, பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது. கன்னியப்பனுக்குக் கடுமையான காய்ச்சல், வலிப்பு வந்து நினைவு தப்பி, பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்து, மூளைக்காய்ச்சல் என்று வைத்தியம் பார்த்து, பிழைத்து இப்போதுதான் வீட்டுக்கு வந்திருக்கிறார் என்றார். நாங்கள் இருக்கிற ஊரிலேயே அத்தனை நாள் படுத்திருக்கிறார், எங்களுக்குத் தெரியாது.

இதை எப்படி எழுதுவது என்று பலமுறை யோசித்துவிட்டேன். அப்படியே எழுதிவிடுகிறேன். அதைக் கேட்டதும் எனக்கு முதலில் வந்தது பயமும் இல்லை, பரிதாபமும் இல்லை. ஒரு குதூகலம். வௌவால் கடித்தது, மூளைக்காய்ச்சல் வந்தது, ஆள் பிழைத்திருக்கிறார், அவர் ரத்தம் நமக்குக் கிடைக்கும். எங்களைப் பார்த்துச் சிரித்தவர்களின் முகமெல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. பெரிய டாக்டர் தொலைபேசியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அவர் கண்ணிலும் அதேதான் இருந்தது. உங்களுக்கும் இது வரும். வரும்போது அதற்கு வெட்கப்படுங்கள், ஆனால் வராத மாதிரி நடிக்காதீர்கள்.

இந்த இடத்தில் பாடு என்ற ஏற்பாட்டைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் கன்னியப்பனுக்கு என்ன போயிற்று என்பது உங்களுக்குப் புரியாது. ஏரியில் எல்லா இடத்திலும் இறால் ஒரே மாதிரி விழாது. முகத்துவாரத்துப் பக்கம், நீரோட்டம் உள்ள இடங்களில்தான் விழும். அந்த இடங்களில் சுத்துவலை கட்டுவதற்கு ஊருக்குள் முறை வைத்திருப்பார்கள். அந்த முறைதான் பாடு. ஒருவர் தனியாக அந்த வலையைக் கட்ட முடியாது. கூட்டாளிகள் சேர்ந்து கூட்டாகத்தான் முறை எடுக்க வேண்டும். மழை ஓய்ந்து இறால் ஓடுகிற காலத்துக்கு முன்னால் ஊர்க் கூட்டம் போட்டு, யார் யார் எந்தக் கூட்டில் என்று கோயிலில் வைத்துச் சொல்லிவிடுவார்கள். கூட்டில் இருப்பவனுக்கு வருஷம் முழுவதும் சோறு. இல்லாதவன் ஓரத்தில் கிடைப்பதைப் பொறுக்கிக்கொள்ள வேண்டும்.

நாங்கள் மார்கழியில் போனபோது அந்தக் கூட்டத்துக்கு இன்னும் சில வாரம் இருந்தது.

படகு கரையைத் தொடுவதற்கு முன் பெரிய டாக்டர் முகமூடிகளை எடுத்துக் கொடுத்தார். பச்சை அங்கி, ரப்பர் கையுறை, எல்லாம் மாட்டிக்கொண்டோம். தெரியாத வைரஸாக இருந்தால் என்ன செய்வது என்று அவர் நினைத்ததில் தப்பே இல்லை. பிள்ளைகள் வழக்கம் போல ஓடி வந்தார்கள். எங்களைப் பார்த்ததும் நின்றார்கள். ஒரு தாய் தன் பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

தேசம்மா பாய் விரித்து வைத்திருந்தார். நாங்கள் உட்காரவில்லை. டீ கொண்டுவந்து வைத்தார். பெரிய டாக்டர் என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்தார், நான் தொடவில்லை. கன்னியப்பன் மெலிந்துபோய்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வலது கை நடுங்கிக்கொண்டே இருந்தது. வார்த்தை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்துத்தான் பேசினார். அவர் பக்கத்தில் தோளில் கை போட்டபடி முனுசாமி. அவரைப் படகில் தூக்கிப் போட்டு, தலையை மடியில் வைத்துக்கொண்டு ஏரியைக் கடந்தது முனுசாமிதான் என்று தேசம்மா சொன்னார். வாந்தியெல்லாம் அவர் மேல்தானாம்.

ரத்தம் எடுத்தேன். பஞ்சையும் கையுறையையும் தகரப் பெட்டிக்குள் போட்டு மூடினோம். நாங்கள் நின்ற இடத்திலும் வாசற்படியிலும் டெக்னீஷியன் மருந்துத் தண்ணீர் தெளித்தான். நெடி வீடு முழுவதும் பரவியது. முனுசாமி ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். நான் நிமிர்ந்தபோது அவர் கை கன்னியப்பன் தோளில் இல்லை. எப்போது எடுத்தார் என்று நான் பார்க்கவில்லை. கன்னியப்பனுக்குத் தெரிந்திருக்கும்.

கரையில் ஊர்த் தலைவரும் நாலைந்து பேரும் காத்திருந்தார்கள்.

“இது ஒட்டுமா டாக்டரம்மா?” என்று தலைவர் கேட்டார். “நாங்கதான் அவன தூக்கினு போனோம். அவங்கூட ஒரே தட்டுல துன்னோம். அதான் கேக்குறோம்.”

முனுசாமியும் பின்னால் வந்து நின்றார். பெரிய டாக்டர் படகில் ஏறிவிட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவள் நான்.

என்ன தெரியும் எனக்கு அப்போது? மழைக்காலத்தில் கொசுவால் வருகிற மூளைக்காய்ச்சல் தமிழ்நாட்டில் ஏற்கனவே இருந்தது என்று தெரியும். கன்னியப்பனுக்கும் அதுவாகவே இருக்கலாம் என்று எனக்குள்ளே தோன்றியிருந்தது. வௌவால் ஆசையில் அதை ஓரமாகத் தள்ளி வைத்திருந்தேன். அதைவிட முக்கியமாக, என் கண் முன்னால் முனுசாமி நின்றுகொண்டிருந்தார். காய்ச்சல் உச்சத்தில் இருந்தவரை மடியில் போட்டுக்கொண்டவர், ஒரு மாதத்துக்கு மேல் ஆகியும் தும்மல்கூட இல்லாமல் நிற்கிறார். தேசம்மாவுக்கு ஒன்றுமில்லை. தூக்கிக்கொண்டு போன யாருக்கும் ஒன்றுமில்லை. அதைவிடப் பெரிய பரிசோதனையை எந்த ஆய்வகத்தில் செய்துவிட முடியும்? “என்ன காய்ச்சல் என்று இன்னும் உறுதியாகத் தெரியாது. ஆனால் ஒட்டுகிறதாக இருந்தால் இதற்குள் உங்களுக்குத்தான் முதலில் வந்திருக்கும், வரவில்லையே” என்று சொல்லியிருக்கலாம். அது பொய்யே இல்லை.

“ரிசல்ட் வரட்டும், பார்க்கலாம்” என்றேன். முகமூடிக்குள்ளிருந்து சொன்னேன்.

ஜீப்பில் வரும்போது, அவர்களுக்கு ஏதாவது சொல்லியிருக்க வேண்டாமா என்று பெரிய டாக்டரிடம் கேட்டேன். அவர் தன் இளவயதுக் கதை ஒன்றைச் சொன்னார். ஒரு ஊரில் காலரா. அவசரப்பட்டு, சேரியில் இருந்த ஒரு கிணற்றைக் கை காட்டிவிட்டாராம். ஊர்க்காரர்கள் மறுநாளே அதில் மண்ணைக் கொட்டித் தூர்த்துவிட்டார்கள். தண்ணீரைச் சோதித்த முடிவு பிறகு வந்தது. கிணற்றில் ஒரு குறையும் இல்லை. அந்தத் தெருக்காரர்கள் பல வருஷம் தண்ணீருக்கு நடந்தார்கள். “அன்றிலிருந்து ரிசல்ட் கைக்கு வராமல் நான் வாய் திறப்பதில்லை. நீயும் திறக்காதே” என்றார்.

நல்ல விதிதான். நானும் பல இடங்களில் அதைப் பின்பற்றியிருக்கிறேன். ஆனால் கிணற்று விஷயத்தில் அவர் பேசியதால் ஒருவர் மேல் பழி விழுந்தது. இங்கே நாங்கள் வாயை மூடிக்கொண்டதால் விழுந்தது. கன்னியப்பன் வீட்டைப் பற்றி எங்கள் உடுப்பு ஏற்கனவே தீர்ப்புச் சொல்லிவிட்டிருந்தது. அதற்குப் பிறகு சும்மா இருப்பது ஜாக்கிரதை ஆகாது என்று எனக்கு அப்போது எடுத்துச் சொல்லத் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் சொல்லியிருப்பேனா என்று சந்தேகம்தான். வேலைக்குப் புதிது, அவர் தயவில் வந்தவள்.

மூன்று வாரம் கழித்து இன்னொரு முறை ரத்தம் எடுக்க வேண்டியிருந்தது. பெரிய டாக்டர் வரவில்லை. நானும் டெக்னீஷியனும் போனோம். வழக்கம் போல மாட்டிக்கொண்டுதான் போனோம். வீட்டைச் சுற்றி ஆள் நடமாட்டமே இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் புதிதாக ஓலைத் தட்டி வைத்து மறைத்திருந்தார். சந்தையில் தேசம்மாவிடம் மீன் வாங்குவதைக்கூட நிறுத்திவிட்டார்களாம். முனுசாமி கண்ணில் படவே இல்லை.

தேசம்மா இந்த முறை பாய் விரிக்கவில்லை. ரத்தம் எடுத்து முடிக்கிற வரைக்கும் தள்ளியே நின்றார். பிறகு பேசினார். நீங்க என்பது போய் நீ ஆகியிருந்தது.

“தோப்புல அவுரு வெறுங்கையால வவ்வாலு பிரிச்சாரு. அன்னிக்கி ஒங்க யாருக்கும் ஒண்ணும் தோணல. எங்க ஊட்டுக்கு வர்றப்ப மட்டும் கையில ஒற, மூஞ்சில துணி. நாங்க இன்னா வவ்வால விட மோசமா?”

நான் முகமூடியைத் தாடைக்குக் கீழே இறக்கினேன். முழுதாகக் கழற்றவும் இல்லை, கட்டியிருக்கவும் இல்லை. என் தைரியம் தாடை வரைக்கும்தான் போயிற்று.

“டாக்டருங்களே பயந்துக்கினு வர்றாங்க, நாங்க பயப்படக் கூடாதானு ஊர்ல கேக்குறாங்க. நான் இன்னா பதில் சொல்றது, நீயே சொல்லு. வர்ற வெள்ளிக்கெழம கூட்டம். அவுர கூட்டுல வெச்சுக்கமாட்டோம்னு பேசிக்கிறாங்க. நீ ஒரு தபா வந்து ஒட்டாதுனு சொல்லிட்டுப் போ. அது முடியாதுனா, ‘எங்களுக்குத் தெரியாது, ஆனா நாங்க அவுரு பக்கத்துல குந்துவோம்’னு சொல்லு. அது போதும் எங்களுக்கு.”

“உடு தேசம்மா” என்றார் கன்னியப்பன். ஒரு வாக்கியத்தைச் சேர்க்க அவருக்கு நேரம் பிடித்தது. “அவங்க... இன்னா பண்ணுவாங்க. மேல... கேக்கணும்ல.”

“கேட்டுவிட்டு வருகிறேன்” என்று நான் சொன்னேன். அவர் எடுத்துக் கொடுத்த சாக்கை அப்படியே பிடித்துக்கொண்டேன்.

கேட்கவும் கேட்டேன். வெளியூர் ஆய்வகத்திலிருந்து முடிவு பத்து நாளில் வந்துவிடும், அதற்குள் நீ போய் ஒன்று சொல்லி அது தப்பாகிவிட்டால் யார் பொறுப்பு என்றார் பெரிய டாக்டர். வெள்ளிக்கிழமை வந்தது. காலையில் பேருந்து பிடித்தால் மதியத்துக்குள் போய்விடலாம். எனக்கு அன்று வேறு வேலைகூட இல்லை. குளிர்பெட்டியில் இருந்த வௌவால் ரத்தக் குப்பிகளை எடுத்துத் துடைத்துத் திரும்ப அடுக்கினேன். ஏற்கனவே அடுக்கி வைத்திருந்தவைதான்.

முடிவு பத்து நாளில் வரவில்லை. மாசியில் வந்தது. கொசுவால் பரவும் மூளைக்காய்ச்சல். ஆளிடமிருந்து ஆளுக்குப் பரவாது. வௌவாலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. எங்கள் வௌவால்களின் ரத்தத்திலும் நாங்கள் எதிர்பார்த்த எதுவும் இல்லை. அந்த மாதமே மேலிடம் வௌவால் வேலையை மூடிவிட்டது.

பெரிய டாக்டர் காகிதத்தை என்னிடம் கொடுத்து, “நீ போய்ச் சொல்லிவிட்டு வா. என்னால் முடியாது” என்றார். என்னால் முடியாது என்று அவர் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

வெறும் முகத்தோடு குப்பத்துக்குப் போனேன். கோயிலுக்கு முன்னால் தலைவரையும் மற்றவர்களையும் வைத்துக்கொண்டு சொன்னேன். கொசுதான், ஒட்டாது, ஒட்டவே ஒட்டாது என்று ஒன்றுக்கு இரண்டு தடவை அழுத்திச் சொன்னேன். யாரும் சந்தேகப்படவில்லை. சண்டையும் போடவில்லை. போட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

தலைவர் தலையைச் சொறிந்துகொண்டார். “கூட்டம் முடிஞ்சிபோச்சேமா. அவன் எடத்துக்கு வேற ஒருத்தன கோயில்ல பேர் சொல்லிச் சேத்தாச்சு. அவனும் புள்ள குட்டிக்காரன். இப்ப எப்டி எந்திரினு சொல்றது?”

“கன்னியப்பன் எங்கே?” என்று கேட்டேன்.

“பொண்டாட்டி ஊருக்குப் போய்ட்டான். சுண்ணாம்புக்குளம்.”

முனுசாமியும் அங்கே நின்றிருந்தார். படகு வரைக்கும் கூட வந்தார். நான் ஏறுவதற்கு முன் சொன்னார்.

“அவன் தலைய மடியில வெச்சினு ஏரிய தாண்டுனவன் நானு. அன்னிக்கி எனக்குப் பயம் இல்ல டாக்டரம்மா. நீங்க வந்துட்டுப் போனதுக்கு அப்பாலதான் வந்துச்சு. வெள்ளிக்கெழம கூட்டத்துல கேட்டாங்க, இவன உன் கூட்டுல வெச்சுக்கிறியானு. நான் தலைய குனிஞ்சினு இருந்துட்டேன். அவன் அங்கியேதான் குந்தினு இருந்தான்.”

அவர் குனிந்த தலையில் பாதி என்னுடையது.

புதிதாக வந்தவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். பயமாக இருந்தால் உறை போடுங்கள். போட வேண்டும். ஆனால் ஏன் போடுகிறீர்கள் என்று அந்த வீட்டுக்காரரிடமும் சொல்லுங்கள், தெருவில் நிற்பவர்களிடமும் சொல்லுங்கள். ஒரு வீட்டுக்குப் போட்டால் பக்கத்து வீட்டுக்கும் போடுங்கள். உங்களோடு வேலை செய்கிறவர் கையில் என்ன இருக்கிறது என்று உங்கள் கையைப் பார்ப்பதற்கு முன்னால் பாருங்கள். ஒட்டுமா என்று யாராவது கேட்டால், அதுவரை தெரிந்ததை அவர்கள் மொழியில் அங்கேயே சொல்லுங்கள். நாளைக்கு அது மாறினால் நாளைக்குத் திரும்பப் போய் மாற்றிச் சொல்லுங்கள். முடிவு வருகிற வரைக்கும் நீங்கள் காத்திருக்கலாம், சம்பளம் வந்துகொண்டிருக்கும். அவர்களுடைய கூட்டம் வெள்ளிக்கிழமை.

சுண்ணாம்புக்குளத்துக்கு அடுத்த நாள் போனேன். தேசம்மா வீட்டில் இருந்தார், வெளியே வரவில்லை. கன்னியப்பன் ஏரியில இருக்காரு என்று யாரோ சொன்னார்கள். போய்ப் பார்த்தேன். இடுப்பளவு தண்ணீரில் கன்னியப்பன் குனிந்து, சேற்றில் கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார். பிடித்ததைப் போட ஓலைப் பறியைப் பல்லில் கவ்வியிருந்தார். கூட்டாளி வேண்டாத, வலை வேண்டாத வேலை அது. தலைமுறை தலைமுறையாக அதைச் செய்கிறவர்கள் கொஞ்சம் தள்ளி வேகமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். கன்னியப்பனின் வலது கை இன்னும் நடுங்கியது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு இறால் அவர் விரலுக்குள் வந்து நழுவிப் போயிற்று.

என்னைப் பார்த்ததும் கரைக்கு வந்தார். சொன்னேன். வௌவால் இல்லை, கொசு, யாருக்கும் ஒட்டாது, முன்பே சொல்லியிருக்க வேண்டும், தப்பு எங்களுடையது என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பறியைக் கீழே வைத்துவிட்டுக் கவனமாகக் கேட்டார்.

“கொசுவா” என்றார். கொஞ்சம் சிரித்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் வேறு எதையோ சொல்ல வார்த்தை தேடிக்கொண்டிருந்தார்.

“தோப்புல... வேல இன்னும் நடக்குதா டாக்டரம்மா? வவ்வாலுக்கு வலை கட்ட ஆள் வேணும்னா சொல்லி அனுப்புங்க, வர்றேன். நான் ஒருத்தனே கட்ற வலைனா... இப்ப அது ஒண்ணுதான்.”

“இல்லைங்க, அந்த வேலையை மூடிட்டாங்க” என்றேன். மேலே கேட்டுச் சொல்கிறேன் என்று இழுக்கவில்லை, பார்க்கலாம் என்றும் சொல்லவில்லை. அந்த வீட்டில் இரண்டு பேரும் என்னிடம் கேட்டதில், நின்ற இடத்திலேயே நான் பதில் சொன்னது அந்த ஒன்றுக்குத்தான்.